கரிசலில் கஞ்சா விதைக்கலாமா?

கேள்வி: திருச்சுழிக்குத் தெற்கே நாலு ஏக்கர் மானாவாரிக் கரிசல் எனக்கு. மக்காச்சோளத்தைப் படைப்புழுவும் காட்டுப்பன்றியும் தின்றது போக மிச்சம்தான் வீட்டுக்கு வருகிறது. வட இந்தியாவில் ‘ஹெம்ப்’ என்ற பெயரில் கஞ்சாவை அரசே பயிர் செய்யச் சொல்கிறதாமே? விதையும் கொடுத்து விளைச்சலையும் எடுத்துக்கொள்வதாக ஒருவர் ஊருக்குள் வந்து பேசினார். முன்பணம் கேட்கிறார். எந்தப் பட்டத்தில் போடலாம், என்ன இடைவெளி விடவேண்டும் என்று எழுதுங்கள்.
– வாசகர், திருச்சுழி வட்டம்

பதில்: போடாதீர்கள். முன்பணமும் கொடுக்காதீர்கள். பட்டம், இடைவெளி எல்லாம் நான் எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களைச் சிறைக்கு வழியனுப்பி வைத்ததாகிவிடும்.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 8-வது பிரிவில் கஞ்சாச் செடி வளர்ப்பதையே தடை செய்கிறது. மீறினால் 20-வது பிரிவின்படி 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ‘ஒரு கிலோவுக்குள் என்றால் சின்ன வழக்குதான்’ என்று டீக்கடையில் சொல்வார்கள். அந்த ஒரு கிலோ, இருபது கிலோ கணக்கெல்லாம் கஞ்சாவைக் கையில் வைத்திருப்பதற்கும் விற்பதற்கும்தான். செடி வளர்ப்பதற்கு அப்படிப் படிக்கட்டு எதுவும் கிடையாது. கொல்லையில் ஒற்றைச் செடி நின்றாலும் அதே பிரிவுதான்.

வட இந்தியக் கதையில் பாதி உண்மை. நாருக்கோ விதைக்கோ கஞ்சா பயிரிட அரசு தனி உத்தரவு போட்டு அனுமதிக்கலாம் என்று அதே சட்டத்தின் 14-வது பிரிவு சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு உத்தராகண்ட் 2018-இல் உரிமம் கொடுத்தது. ஆனால் போதை தரும் டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. இமாச்சலப் பிரதேசம் 2025 ஜனவரியில்தான், அதுவும் பாலம்பூர், நௌனி பல்கலைக்கழகங்களை வைத்துச் சோதனை செய்து பார்க்க ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டில் விவசாயிக்கு அப்படி ஓர் உரிமம் கிடையாது. உங்களிடம் வந்தவர் கடையில் விற்கிற ஹெம்ப் விதைப் பொட்டலத்தைக் காட்டியிருப்பாரே? அந்த விதையை உணவாக விற்க 2021-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்தது உண்மை. விற்கலாம் என்பதால் விதைக்கலாம் என்று ஆகிவிடாது. இன்னொரு முறை வந்தால், உங்கள் சர்வே எண் போட்ட அரசு உத்தரவைக் கேளுங்கள். அதன் பிறகு வரமாட்டார்.

சட்டத்தை ஒதுக்கிவிட்டு வேளாண்மையாகவே பார்த்தாலும் நாருக்கான ஹெம்ப் இங்கே தேறாது. கஞ்சா பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி. நாருக்கென்று ஐரோப்பாவில் தேர்ந்தெடுத்த ரகங்கள், கோடையில் பதினாறு மணி நேரம் வெயில் விழும் நாட்டுக்கானவை. பகல் நீண்டிருக்கும் வரை பூக்காமல் உயரும். அந்த உயரத்தில்தான் நார். திருச்சுழியில் ஆனி மாதத்து நீண்ட பகலே பன்னிரண்டே முக்கால் மணியைத் தொடாது. பூக்கும் காலம் வந்துவிட்டதென்று செடி நினைத்துக்கொள்ளும். ஆளுயரம் தாண்டவேண்டிய தண்டு குட்டையிலேயே பூத்து நின்றுவிடும். விதை கொடுக்கிறேன் என்பவர் இதைச் சொல்லமாட்டார். அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

கேள்வி: பிழைப்புக்கு வெளியூர் போய்விட்டோம். காட்டைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். குத்தகைதாரர் கஞ்சா போட்டால் நாங்கள் என்ன செய்ய முடியும்?
– வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: தெரிந்த உடனே சொல்லவேண்டும். தன் நிலத்தில் இந்தச் செடி இருப்பது தெரிந்தும் நிலத்துக்காரர் தகவல் கொடுக்காமல் இருப்பது 46-வது பிரிவின்படி குற்றம். அடுத்த பிரிவு அதே கடமையைக் கிராம அலுவலர்கள் மேலும் ஊராட்சியில் பொறுப்பில் இருப்பவர்கள் மேலும் வைக்கிறது. காவல் நிலையத்தில் எழுத்தாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். குத்தகையை வாய்ப்பேச்சோடு விடாமல் என்ன பயிர் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சீமைக்கருவேலம் மண்டிய காட்டுக்குள் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைப்பவர்கள், விறகு வெட்டப் போகிறவர்களை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: மருந்துப் பயிர் என்றால் நல்ல விலை என்கிறார்கள். கரிசல் மானாவாரிக்குச் சட்டச் சிக்கல் இல்லாமல் எது வரும்?
– வாசகர், ரெட்டியபட்டி

பதில்: நிலாவரை. வியாபாரிகள் அவுரி என்பார்கள். சாய அவுரி வேறு செடி, விதை வாங்கும்போது கவனம். அரேபியா, சோமாலியா பக்கத்துச் செடி இது. திருநெல்வேலிச் சீமையில் வேர் பிடித்து ‘டின்னவேலி சென்னா’ என்று உலகச் சந்தையில் நம் ஊர்ப் பெயரையே வாங்கிக்கொண்டது. மலச்சிக்கல் மாத்திரைக்கான சென்னோசைடு இதன் இலையிலும் காயிலும் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து கப்பலேறுகிறது.

புரட்டாசி, ஐப்பசி மழையோடு விதைப்பு. விதைத்தோல் கெட்டி, மணலோடு தேய்த்தோ, இரவு ஊறவைத்தோ போட்டால் முளைப்பு சீராக வரும். மானாவாரிக்கு ஏக்கருக்குப் பத்து கிலோ விதை பிடிக்கும். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி வெளியிட்ட கே.கே.எம். 1 நம் பக்கத்து ரகம். வறட்சி தாங்கும், தண்ணீர் தேங்கினால் தாங்காது. அடைமழையில் கரிசல் சொதசொதவென்று நிற்கும் பள்ளக்காட்டில் போட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள். மேட்டுக்காடு பாருங்கள், வடிகால் இழுத்துவிடுங்கள். முதலில் எட்டிப் பார்க்கும் பூங்கொத்தைக் கிள்ளிவிட்டால் இலை பெருகும். இரண்டு மாதம் கழித்து முதல் பறிப்பு, பிறகு மாதத்துக்கு ஒன்று. பன்றி தேடிவரக் கதிரோ கிழங்கோ இதில் இல்லை.

காசு போவதும் வருவதும் காயப்போடுவதில்தான். சுள்ளென்ற வெயிலில் களத்தில் கொட்டினால் இலை மஞ்சளாகும், விலை பாதியில் நிற்கும். நிழலில், மெல்லிசாகப் பரப்பி, கிளறிக் கொடுத்து, பச்சை மாறாமல் காயவேண்டும். கார்த்திகை மழையில் அதற்கு ஒரு கூரை இருக்கிறதா என்று யோசித்துவிட்டு விதை வாங்குங்கள். நல்ல மழை வருடத்தில் ஏக்கருக்கு 400 கிலோ காய்ந்த இலை எதிர்பார்க்கலாம். விலை ஏறும் இறங்கும். வாங்குகிறவரிடம் பேசி முடித்த பிறகு, முதல் வருடம் அரை ஏக்கர் போதும். நித்தியகல்யாணியும் வரும், வேருக்கும் இலைக்கும் ஆள் உண்டு. அதற்கும் இதே எச்சரிக்கை. அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையம் கூப்பிடு தூரம்தானே, மண்ணை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்து ஓரத்தில் கஞ்சா இலை மாதிரியே விரல் விரலாக இலைவிட்ட செடி நிற்கிறது. பக்கத்துக் காட்டுக்காரர் போலீசுக்குச் சொல்வேன் என்கிறார்.
– வாசகர், பந்தல்குடி

பதில்: பூ வரட்டும். இளமஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு என்றால் புளிச்சை. இலையைக் கிள்ளி வாயில் போட்டால் புளிக்கும். கீரையைக் கடைந்து அவர் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புங்கள்.