ஒரு சாவி, ஒரு மதிப்பு: மேகச் சேமிப்பகமும் தரவுத்தளம் ஆகலாம்

அஞ்சல் குறியீடு 14000 என்றால் புக்கிட் மெர்தாஜாம். 13600 என்றால் பிறை. எண்ணைக் கொடுத்தால் ஊர் கிடைக்கிறது. கணினித் துறையில் அந்த எண்ணைச் ‘சாவி’ என்றும் அது தரும் விடையை ‘மதிப்பு’ என்றும் சொல்வர். இவற்றை இணை இணையாக வைத்திருப்பதே சாவி-மதிப்புத் தரவுத்தளம்.

இதற்குத் தனி மென்பொருள் எப்போதும் தேவையா? இல்லை. அமேசான் நிறுவனம் 2006 மார்ச்சில் தொடங்கிய எஸ்3 மேகச் சேமிப்பகம் இதே முறையில்தான் இயங்குகிறது. 2024 ஆகஸ்ட் முதல் மலேசியாவிலுள்ள தரவு மையங்களிலிருந்தும் அதைப் பயன்படுத்தலாம். ‘பக்கெட்’ எனப்படும் தொகுப்பில் ஒவ்வொரு கோப்பும் ஒரு சாவியின் பெயரில் இருக்கும். இடு, எடு, நீக்கு, பட்டியலிடு ஆகிய நான்கு கட்டளைகளே நமக்குப் போதும்.

மாணவர்களே, புக்கிட் தெங்காவில் ஓர் அறிவியல் கழகம் நாள்தோறும் மழையளவைப் பதிவதாகக் கொள்வோம்.

சாவி: மழை/2025-10-07
மதிப்பு: 32 மி.மீ.

சாய்கோடு கோப்புறையைப் போலத் தோன்றினாலும் அதுவும் சாவியின் ஓர் எழுத்தே. ‘மழை/2025-10’ எனத் தொடங்கும் சாவிகளைக் கேட்டால் அக்டோபர் பதிவுகள் மட்டும் வரும். பட்டியல் எழுத்து வரிசையில் அமைவதால், ஆண்டை முதலில் எழுதினால் நாள் வரிசையும் தானே அமையும். நாளை முதலில் எழுதினால் எல்லா மாதங்களின் 7-ஆம் நாளும் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

ஆனால், ‘50 மி.மீ.க்கு மேல் மழை பெய்த நாள்கள் எவை?’ என்று எஸ்3-இடம் நேரடியாகக் கேட்க முடியாது. பட்டியலிடும்போது அது சாவியைத்தான் பார்க்கும், மதிப்பைப் பார்க்காது. கோப்புகளை எடுத்து நாமே ஒப்பிட வேண்டும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. மாதப் பதிவு முழுவதையும் ஒரே கோப்பில் வைத்து, இருவர் ஒரே நேரத்தில் எடுத்து, ஆளுக்கொரு வரி சேர்த்து மீண்டும் இட்டால், கடைசியாக இட்டவரின் கோப்பே நிற்கும். முன்னவர் சேர்த்த வரி அதில் இராது. பிழைச் செய்தியும் வராது. நாளுக்கொரு சாவி வைத்தால் இந்த மோதல் பெரிதும் குறையும். மேலும், ‘இச்சாவி ஏற்கெனவே இல்லாவிட்டால் மட்டும் இடு’ என்னும் நிபந்தனை வசதியும் 2024 ஆகஸ்டில் வந்தது.

அரிதாக மாறி, அடிக்கடி படிக்கப்படும் தரவுக்கு இம்முறை பொருந்தும். நொடிக்கு நொடி மாறும் வங்கிக் கணக்குக்குப் பொருந்தாது.

செய்து பாருங்கள்: ஒரு சாவி 1,024 பைட்டைத் தாண்டக்கூடாது. யுடிஎஃப்-8 முறையில் ‘ம’ போன்ற எழுத்துக்கு 3 பைட். அதனுடன் சேரும் துணைக்குறிக்கோ புள்ளிக்கோ தனியே 3 பைட். எனவே ‘மழை’ 9 பைட். இடைவெளிக்கு 1 பைட் என்றால், ‘புக்கிட் தெங்கா’ எத்தனை பைட்?

விடை: 43.