பிள்ளை இல்லாதவர் கட்டும் பள்ளி வரி

அன்புள்ள மாணவிக்கு,

நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் பிள்ளையே இல்லாத முதியவர் பள்ளிக்கென்று ஏன் சொத்து வரி கட்ட வேண்டும் என்ற உன் கேள்விக்கு, கல்வி அதிகாரக் குறள்களை அடுக்கி விடை சொல்லிவிடுவது வழக்கம். அக்குறள்கள் கற்பவனை நோக்கியவையேயன்றி அரசின் செலவைப் பற்றியவை அல்ல என்பதால், மேடைதோறும் அவற்றைச் சான்றாக்குவது சோம்பல். புறநானூற்றின் 183ஆம் பாடலே இங்குப் பொருந்தும். மூத்தவனை விட்டு அறிவுடையவன் வழியிலேயே அரசும் செல்லும் என்று அதில் சொல்பவன் புலவன் மட்டுமல்லன், ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்னும் அரசன். ஆள்வோன் தன் தேவையைத் தானே ஒப்புக்கொண்ட இடம் அது.

இலவசப் பள்ளியைக் கருணை என்பார் அமெரிக்க மாநில அரசமைப்புகளைப் படித்தவர் அல்லர். அறிவு பரவினால்தான் மக்களின் உரிமைகள் நிலைக்கும் என்று 1876இல் டெக்சாஸ் காரணத்தையே எழுதி வைத்தது. அதற்கு முந்தைய ஆண்டில் நியூ ஜெர்சி, 5 முதல் 18 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுமையான, செவ்வனே இயங்கும் இலவசப் பள்ளிகளை நடத்தும் கடமையைச் சட்டமன்றத்தின்மேல் சுமத்தியது. ஆயினும் பணம் சொத்து வரியிலிருந்தே, அதாவது வீடு நிலங்களின் மதிப்புக்கேற்ப ஊர் விதிக்கும் வரியிலிருந்தே வந்தமையால், மலிவான வீடுகள் நிறைந்த ஊர் எவ்வளவு உயர்ந்த விகிதத்தில் வரி விதித்தாலும் சிறுதொகையே திரண்டது. 1973 மார்ச்சில், இந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்து டெக்சாஸின் சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் பள்ளி வட்டாரப் பெற்றோர் தொடுத்த வழக்கில், கல்வி நாட்டின் அரசமைப்பு தரும் அடிப்படை உரிமை அன்று என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் கைவிரித்தது. அடுத்த மாதமே நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், ராபின்சன் எதிர் காஹில் வழக்கில், பிள்ளையைக் குடிமகனாகவும் வேலைச் சந்தையில் போட்டியிட வல்லவனாகவும் ஆக்குவதே 1875ஆம் ஆண்டுக் கடமையின் பொருள் என்று கொண்டு, அந்நிதிமுறை செல்லாது என்றது. சட்டமன்றம் 1975இல் சட்டம் இயற்றியும் பணம் ஒதுக்காமல் இழுத்தடிக்க, 1976 ஜூலை 1 முதல் பொதுப் பள்ளிகளுக்குச் செலவிடவே கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. விடுமுறைக் காலமாதலால் நின்றவை பெரும்பாலும் கோடை வகுப்புகளே எனினும், சில நாள்களிலேயே மாநில வருமான வரி நிறைவேறியது.

எடிசன் முதியவர்மீது நாளை ஒரு வழக்கு வந்தால், ஜூரியாக, அதாவது தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து அமர்த்தப்படுவோராக, மிடில்செக்ஸ் கவுண்டி முழுவதிலிருந்தும் ஆள்கள் வருவர். அவர்களுள் வரிவளம் குறைந்த பெர்த் அம்பாய், நியூ பிரன்ஸ்விக் ஊர்களின் பள்ளிகளில் படித்தோரும் இருப்பர். ‘நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்’ தேடி வீடு வாங்கிவிட்டு, கட்டிய வரி தம் பிள்ளைக்கே உரியது என்று வாதிடும் நம்மவர் இந்த ஜூரியை நினைப்பதே இல்லை. அந்த நம்மவரின் சம்பளச் சீட்டில் மாதந்தோறும் பிடிக்கப்படும் நியூ ஜெர்சி வருமான வரியோ, அந்த 1976 கோடையில் பள்ளிகளைத் திறப்பதற்காகப் பிறந்ததே.

அன்புடன்.