ஒரு மாணவரின் முதல் ஆய்வு

நுழையும்முன்

நூலில் உள்ளதைப் படித்து அறிவது கல்வியின் ஒரு பகுதி. எந்த நூலிலும் இல்லாத ஒன்றைத் தாமே தேடி அறிவது அதன் மற்றொரு பகுதி. பல்கலைக்கழக மாணவர் ஒருவர், ஆசிரியர் தந்த பயிற்சியை முடிப்பதோடு நில்லாமல், தமக்குத் தோன்றிய ஐயத்திற்குத் தாமே விடை தேட முற்படுவதைத் தனி ஆய்வு என்பர். உயிரியலில் பெரும்புகழ் பெற்ற சார்லஸ் டார்வினும் ஒரு காலத்தில் அத்தகைய மாணவராகவே இருந்தார். பதினெட்டாம் வயதில் அவர் மேற்கொண்ட முதல் ஆய்வையும், அதனால் அவர் அடைந்த மகிழ்ச்சியையும் வருத்தத்தையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மருத்துவம் பயிலச் சென்றவர்

டார்வின் 1809ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சுரூஸ்பரி நகரில் பிறந்தார். தந்தை புகழ்பெற்ற மருத்துவர். மகனும் மருத்துவராக வேண்டும் என விரும்பிய தந்தை, 1825ஆம் ஆண்டு அவரை ஸ்காட்லாந்திலுள்ள எடின்பரோ பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார். டார்வினுக்கு அப்போது வயது பதினாறு. அண்ணன் எராஸ்மசும் உடன் சென்றார்.

மருத்துவக் கல்வி டார்வினின் மனத்தைக் கவரவில்லை. விரிவுரைகள் பலவும் அவருக்குச் சலிப்பூட்டின. அறுவை மருத்துவம் நிகழ்வதைக் காணும்படி மாணவர்கள் அக்கூடத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டனர். மயக்கமருந்து பயன்பாட்டுக்கு வராத காலம் அது. குளோரோபார்மை அதே எடின்பரோ நகரில் ஜேம்ஸ் சிம்சன் பயன்படுத்தத் தொடங்கியது 1847இல்தான். குழந்தை ஒன்றுக்கு நிகழ்ந்த அறுவையைக் கண்டு பொறுக்கமாட்டாமல் டார்வின் பாதியிலேயே வெளியேறினார். அதன்பின் அக்கூடத்திற்குள் அவர் நுழையவே இல்லை. தந்தையின் விருப்பம் ஒருபுறம், தம் இயல்பு மறுபுறம் என இரண்டுக்கும் இடையே அவர் தவித்தார்.

வகுப்பறைக்கு வெளியே ஓர் ஆசான்

டார்வின் தங்கியிருந்த தெருவிலேயே ஜான் எட்மன்ஸ்டன் என்பவர் வாழ்ந்தார். தென்னமெரிக்காவின் கயானாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் அவர். இறந்த பறவைகளின் உடலைக் கெடாமல் பாடம் செய்யும் கலையில் வல்லவர். டார்வின் அவரிடம் கட்டணம் செலுத்தி அக்கலையைப் பயின்றார். இனிய இயல்பும் நுண்ணறிவும் உடையவர் எனப் பிற்காலத்தில் அவரை நினைவுகூர்ந்தார். பின்னாளில் உலகைச் சுற்றிய கடற்பயணத்தில் பறவைகளைப் பாடம் செய்ய இப்பயிற்சியே கைகொடுத்தது. ஆய்வுக்குத் தேவையான திறனைப் பட்டம் பெற்ற பேராசிரியரிடம் மட்டுமே கற்க இயலும் என்பதில்லை.

கடற்கரையே ஆய்வுக்கூடம்

இரண்டாம் ஆண்டில் அண்ணன் எடின்பரோவுக்குத் திரும்பவில்லை. தனித்திருந்த டார்வின், இயற்கையில் ஆர்வமுடைய மாணவர்கள் கூடிய பிளினியன் கழகத்தில் 1826ஆம் ஆண்டு நவம்பரில் உறுப்பினரானார். மாணவர்கள் தாம் கண்டவற்றைப் படித்து விவாதிக்கும் அவை அது. அங்கே ராபர்ட் கிராண்ட் என்னும் அறிஞருடன் அவருக்கு நெருக்கம் உண்டாயிற்று. மருத்துவத் தொழிலை விட்டுக் கடல்வாழ் சிற்றுயிர்களின் ஆய்வில் ஈடுபட்டவர் கிராண்ட். கடற்பஞ்சுகளைப் பற்றிய ஆய்வால் அறியப்பட்டவர்.

இருவரும் ஃபோர்த் கழிமுகக் கரையில் நடந்தனர். அலை வடிந்தபின் பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் சிற்றுயிர்களைத் தேடினர். நியூஹேவன் மீனவர்கள் சிப்பி எடுக்கச் செல்லும்போது டார்வின் அவர்களுடன் படகில் சென்று, வலையில் சிக்கியவற்றைச் சேகரித்து வந்தார். அவரிடம் இருந்த நுண்ணோக்கி மிக எளியது. உடற்கூறு அறுத்துப் பார்ப்பதில் முறையான பயிற்சியும் அவருக்கு இல்லை. இக்குறைகளைப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். ஆயினும் அவரிடம் ஒரு குறிப்பேடு இருந்தது. 1827 மார்ச் மாதத்தில் தாம் கண்டவற்றை நாளிட்டு அதில் எழுதத் தொடங்கினார்.

முதல் வினா

ஃபிளஸ்ட்ரா என்பது பார்வைக்குக் கடற்பாசியின் இலை போன்றது. உண்மையில் அது பல்லாயிரம் சிற்றுயிர்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பு. அதன் முட்டைகள் எனக் கருதப்பட்ட நுண்பொருள்களை டார்வின் நுண்ணோக்கியில் கண்டார். அவை அசைந்தன, தாமாகவே நீந்தின. அவற்றின் மேல் இருந்த மெல்லிய குறு இழைகளே அவ்வியக்கத்திற்குக் காரணம் என்பதையும் கண்டார். தாமே நீந்தும் ஒன்றை முட்டை என்பது பொருந்துமா? அவை முட்டைகள் அல்ல, இளவுயிரிகள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இரண்டாம் வினா

சிப்பி ஓடுகளில் கருநிறச் சிறு உருண்டைகள் ஒட்டியிருப்பதுண்டு. மீனவர்கள் அவற்றை மிளகு என்றே அழைத்தனர். கற்றவர்களோ அவை ஒருவகைக் கடற்பாசியின் இளநிலை எனக் கருதினர். டார்வின் அவ்விரண்டையும் அப்படியே ஏற்கவில்லை. உருண்டைகளை ஆராய்ந்து, திருக்கை மீனின் உடலில் ஒட்டிக் குருதியை உறிஞ்சும் ஒருவகை அட்டையின் முட்டைக்கூடுகளே அவை எனக் கண்டறிந்தார்.

செய்தி சிறியது. உலகை மாற்றிய கண்டுபிடிப்பு என எவரும் அதனைக் கூறார். ஆயினும் அந்நாள்வரை தாவரம் எனக் கருதப்பட்ட ஒன்று விலங்கின் பிறப்பிடம் எனத் தெளிவானது. அதனைத் தெளிவித்தவர் பதினெட்டு வயது மாணவர்.

தெரிந்து தெளிவோம்

மன்னார் வளைகுடா மீனவர்கள் ‘கடலட்டை’ என அழைக்கும் உயிர் வேறு. இப்பாடத்தில் கூறப்படும் அட்டை வேறு. கடலட்டை குருதியை உறிஞ்சுவதில்லை. அது நட்சத்திர மீனைப் போல முட்தோலிகள் என்னும் தொகுதியைச் சார்ந்தது. பெயரின் ஒற்றுமையைக் கொண்டு உறவை முடிவுசெய்தல் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

கண்டவர் யார்?

தாம் கண்டதைச் சொன்னால் கிராண்ட் மகிழ்வார் என்று எண்ணி டார்வின் அவரிடம் விரைந்தார். கிராண்டும் அப்பொருளிலேயே ஆய்வு செய்துகொண்டிருந்தார். தம் ஆய்வுப் பொருளில் மாணவர் புகுந்தது முறையன்று என்றும், அதனை வெளியிட்டால் தாம் வருந்த நேரும் என்றும் அவர் கூறியதாக டார்வின் தம் குடும்பத்தாரிடம் பிற்காலத்தில் தெரிவித்தார். இச்செய்தியை அவருடைய மகள் எழுதி வைத்துள்ளார்.

1827 மார்ச் 24ஆம் நாள், அறிஞர்கள் கூடிய வெர்னேரியன் கழகத்தில் ஃபிளஸ்ட்ராவையும் அந்த அட்டையையும் பற்றிக் கிராண்ட் கட்டுரை படித்தார். மூன்று நாள் கழித்து, மார்ச் 27 அன்று, பிளினியன் கழகத்தில் டார்வின் தம் இரு கண்டுபிடிப்புகளையும் எடுத்துரைத்தார். அதுவே அவர் அவையில் வெளியிட்ட முதல் ஆய்வு.

கிராண்டின் செயலை ஒருபக்கமாகப் பார்த்தல் ஆகாது. கடற்கரையில் எதைத் தேடுவது, எப்படி நோக்குவது என டார்வினுக்குக் காட்டியவர் அவரே. அட்டையின் முட்டைகளைப் பற்றி அவ்வாண்டிலேயே அச்சில் வெளியிட்ட கட்டுரையில், அவை இன்ன உயிரினுடையவை என முதலில் கண்டறிந்த பெருமை தம் இளைய நண்பர் டார்வினுக்கே உரியது என அவர் குறிப்பிட்டார். எனினும், உண்மையைத் தேடுவோரிடையே இத்தகைய சிறுமை கூடாது என்னும் எண்ணம் டார்வினின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

முப்பது ஆண்டுகளுக்குப் பின்

அவ்வாண்டே டார்வின் பட்டம் பெறாமல் எடின்பரோவை விட்டு நீங்கினார். கேம்பிரிட்ஜில் பயின்று 1831இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டு இறுதியில் பீகிள் கப்பலில் புறப்பட்டு, 1836 வரை உலகைச் சுற்றினார். உயிரினங்கள் காலப்போக்கில் எவ்வாறு மாறுகின்றன என்பது பற்றிய தம் கருத்தை வெளியிடாமல் பல்லாண்டுகள் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

1858ஆம் ஆண்டு ஆல்பிரட் வாலஸ் என்பவர் தொலைவிலுள்ள மலாய்த் தீவுக்கூட்டத்திலிருந்து டார்வினுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். டார்வின் பல்லாண்டு உழைத்துக் கண்ட கருத்தே அதில் இருந்தது. அக்கட்டுரையை மறைத்துவிட்டுத் தம் நூலை விரைந்து வெளியிட அவரால் இயன்றிருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. வாலஸ் கேட்டுக்கொண்டபடி அதனை அறிஞர் லயலுக்கு அனுப்பினார். லயலும் ஊக்கரும் செய்த ஏற்பாட்டின்படி, அவ்வாண்டு ஜூலை முதல் நாள் இலண்டன் லின்னேயன் கழகத்தில் இருவரின் எழுத்துகளும் ஒருங்கே படிக்கப்பெற்றன. மாணவராய் இருந்தபோது பிறரிடம் எதிர்பார்த்துப் பெறாத பெருந்தன்மையை, முதிர்ந்த அறிஞராய் இருந்தபோது டார்வின் பிறருக்கு அளித்தார்.

மாணவர் ஆய்வின் படிகள்

மாணவர்களே! நீங்களும் சில ஆண்டுகளில் கல்லூரியில் பயில்வீர்கள். உயிரியலில் தனி ஆய்வு செய்யும் வாய்ப்பு வந்தால், இவ்வாறு தொடங்கலாம்.

1. வினாவைச் சிறிதாக்குக. ‘பறவைகளைப் பற்றி’ என்பது தலைப்பே, வினா அன்று. ‘எங்கள் தெருவிலுள்ள அரசமரத்திற்குக் காலையில் வரும் பறவைகள் எவை?’ என்பது விடை காணத்தக்க வினா.

2. முன்னோர் கண்டதை அறிக. அதனை மதித்துப் படித்தபின், கண்ணால் சரிபார்க்க.

3. கண்டதை அன்றே எழுதுக. நாள், நேரம், இடம் மூன்றும் இடம்பெற வேண்டும். எதிர்பார்த்ததற்கு மாறானவற்றையும் விடாது எழுதுக.

4. ஒருமுறை கண்டதை முடிவாகக் கொள்ளற்க. மீண்டும் மீண்டும் நோக்கி உறுதிசெய்க.

5. உயிர்களுக்குத் துன்பம் செய்யற்க. விலங்குகளைப் பிடித்தல், அறுத்தல் முதலியவற்றுக்கு இன்று உரிய ஒப்புதல் வேண்டும்.

6. உதவியவர் பெயரை மறவாது குறிப்பிடுக. ஆசிரியரோடு செய்யும் பணியில் எவர் பங்கு எது என்பதைத் தொடக்கத்திலேயே பேசித் தெளிக.

சொல்லும் பொருளும்

ஐயம் – சந்தேகம்
பாடம் செய்தல் – கெடாமல் பதப்படுத்துதல்
கழிமுகம் – ஆறு கடலோடு கலக்கும் இடம்
நுண்ணோக்கி – மிகச் சிறியவற்றைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி
குருதி – இரத்தம்
ஒருங்கே – ஒன்றாக

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. மீனவர்கள் ‘மிளகு’ என அழைத்தவை
(அ) கடற்பாசியின் விதைகள் (ஆ) அட்டையின் முட்டைக்கூடுகள் (இ) சிப்பியின் முட்டைகள் (ஈ) மீனின் கண்கள்

2. டார்வின் தம் முதல் ஆய்வை எடுத்துரைத்த இடம்
(அ) வெர்னேரியன் கழகம் (ஆ) லின்னேயன் கழகம் (இ) பிளினியன் கழகம் (ஈ) கேம்பிரிட்ஜ்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. டார்வின் அறுவைக் கூடத்தை விட்டு வெளியேறியது ஏன்?
2. ஜான் எட்மன்ஸ்டனிடம் டார்வின் கற்றது யாது?
3. ஃபிளஸ்ட்ராவின் ‘முட்டைகள்’ முட்டைகள் அல்ல என எவ்வாறு அறியலாயிற்று?

இ. விரிவாக விடை எழுதுக.

1827, 1858 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை ஒப்பிட்டு, ஆய்வாளரிடம் இருக்க வேண்டிய நேர்மை குறித்து எழுதுக.

ஈ. பிரித்து எழுதுக.

கடற்கரை, குறிப்பேடு, முட்டைக்கூடு

உ. மொழிப்பயிற்சி

‘டார்வின் உண்மையைக் கண்டறிந்தார்’ என்பது செய்வினை. ‘உண்மை டார்வினால் கண்டறியப்பட்டது’ என்பது செயப்பாட்டுவினை. ‘உண்மை கண்டறியப்பட்டது’ என மட்டும் எழுதினால் எச்செய்தி விடுபடுகிறது? இப்பாடத்தின் கருத்தோடு அதனைத் தொடர்புபடுத்திக் கூறுக. இப்பாடத்திலிருந்து மேலும் இரண்டு செய்வினைத் தொடர்களைத் தேர்ந்து செயப்பாட்டுவினையாக மாற்றுக.

ஊ. சிந்தனை வினா

கிராண்டின் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால், கண்டுபிடிப்போடு ஓடிவந்த மாணவரிடம் என்ன கூறியிருப்பீர்கள்?

எ. செயல்திட்டம்

உங்கள் குடியிருப்பிலுள்ள மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வாரம் நாள்தோறும் ஒரே நேரத்தில் நோக்குக. அதனை நாடிவரும் பறவை, அணில், எறும்பு, வண்டு முதலியவற்றை நாளிட்டுக் குறிப்பேட்டில் எழுதுக. அவ்வுயிர்களின் தமிழ்ப் பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடமும், உங்கள் ஊர்மொழியில் வழங்கும் பெயர்களை நண்பர்களிடமும் கேட்டறிந்து எதிரே எழுதுக. பெயர் சொல்லி உதவியவர் யார் என்பதையும் குறிப்பிட்டு வகுப்பில் படித்துக் காட்டுக.