வெள்ளமும் வல்லரசுகளும்

2022 ஆகஸ்டில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் வழக்கத்தைப்போல் ஏழு மடங்குக்கும் மேல் மழை கொட்டியது. அவ்வாண்டு வெள்ளத்தில் 1,700-க்கு மேற்பட்டோர் மாண்டனர். 3 கோடியே 30 லட்சம் மக்கள் அல்லலுற்றனர். உலகின் கரிப்புகையில் அந்நாட்டின் பங்கோ நூற்றில் ஒன்றுக்கும் குறைவு!

நாடுகள் தன்னலமே நாடும் என்பர் யதார்த்தவாதிகள். செல்வ நாடுகள் 'நஷ்டஈடு' என்ற சொல்லுக்கே அஞ்சுவதைக் கண்டால் அது மெய்யென்றே எங்களுக்குத் தோன்றுகிறது. கூடிப் பேசினால் ஒத்துழைப்புப் பிறக்கும் என்பர் தாராளவாதிகள். அதுவும் பொய்யன்று. வளரும் நாடுகளின் ஜி-77 குழுவுக்கு அப்போது தலைமை தாங்கிய பாகிஸ்தான் வாதாடியது. நவம்பரில் எகிப்து மாநாட்டில் இழப்பு நிதி அமைக்க எல்லோரும் இசைந்தனர். ஆனால் தொகை? பாகிஸ்தானின் சேதமும் இழப்பும் மட்டும் சுமார் 3,000 கோடி டாலர். 2023 துபாய் மாநாட்டில் உலகனைத்துக்குமாக வாக்களித்தது 100 கோடிகூட இல்லை.