ஹபஷா நாட்டில் கூடி உண்ணும்போது

பெரம்பலூர் வட்டாரத்து முஸ்லிம்களுக்கு வெளிநாட்டுப் பிழைப்பு புதியதன்று. லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் சென்றவர்கள் பலர். அங்கெல்லாம் உணவு விஷயத்தில் பெரிய சிக்கல் எழுவதில்லை. தேடினால் முஸ்லிம் கடை கிடைத்துவிடும். எத்தியோப்பியாவுக்கு ஆசிரியராகச் செல்பவரின் நிலை வேறு. ஹெயிலி செலாசி மன்னர் காலத்திலேயே நம் நாட்டு ஆசிரியர்கள் அங்கே பணி செய்தார்கள். 2000ஆம் ஆண்டுக்குப் பின் அந்நாட்டில் பல பல்கலைக்கழகங்கள் தோன்றியபோது தமிழகத்திலிருந்தும் பொறியியல், ஆங்கிலப் பேராசிரியர்கள் பலர் சென்றார்கள்.

அப்படிச் சென்றிருந்த நம் பகுதிச் சகோதரர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார். சம்பளம் வந்ததும் வெளிநாட்டு ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து ஹோட்டலுக்குப் போவது அங்கே வழக்கமாம். இறைச்சி எப்படிப்பட்டதோ என்ற ஐயத்தால் இவர் போவதை நிறுத்திக்கொண்டார். இவருடன் இருந்த மற்றொரு முஸ்லிம் ஆசிரியரோ, பிஸ்மில்லாஹ் சொன்னால் போதும் என்று எல்லாவற்றையும் சாப்பிட்டார். இவர் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த நம்மூர் ஹிந்து நண்பர் ஒருநாள், "எங்ககூட உக்காந்து சாப்பிட்டா உங்களுக்குத் தீட்டா, பாய்?" என்று கேட்டுவிட்டாராம்.

முதலில் இந்தத் தீட்டு என்ற சொல்லைத் தீர்த்துவிடுவோம். மனிதனின் உடலிலும் எச்சிலிலும் தீட்டு என்பது இஸ்லாத்தில் இல்லை. முஸ்லிமாயினும் அல்லாதவராயினும் மனிதன் வாய் வைத்த மீதி சுத்தமானதே என்று நம் ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. கைபரில் யூதப் பெண் ஒருத்தி சமைத்தளித்த ஆட்டிறைச்சியை நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அவள் அதில் விஷம் வைத்திருந்தாள் என்பது வேறு செய்தி. ஆகவே நண்பர்களுடன் ஒரே தட்டில் உண்பதில் குற்றமில்லை. ஆராய வேண்டியது தட்டில் இருப்பதைத்தான்.

இறைச்சிக்கு வருவோம். எத்தியோப்பிய மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்கள். வேதம் அருளப்பட்டோரின் உணவு நமக்கு ஆகுமானது என்ற கருத்து திருக்குர்ஆனின் மாயிதா அத்தியாயம் 5ஆம் வசனத்தில் உண்டு. இதைக் காட்டி, 'அங்குள்ள கிறிஸ்தவர் கடையில் தாராளமாக உண்ணலாமே' என்பாரும் உளர். ஆனால் அந்நாட்டு வழக்கத்தை அறிந்து பேச வேண்டும். அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயர் சொல்லி அறுப்பது வழக்கம். வேதக்காரர் அல்லாஹ் அல்லாத பெயரைச் சொல்லி அறுத்தது உறுதியாகத் தெரிந்தால் அது ஹலாலாகாது என்பதே ஹனஃபி மத்ஹபின் சட்டம். ஷாஃபிஈ இமாம்களின் கூற்றும் இதுவே.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்நாட்டில் முஸ்லிம் கிறிஸ்தவர் அறுத்ததை உண்பதில்லை, கிறிஸ்தவரும் முஸ்லிம் அறுத்ததை உண்பதில்லை. இறைச்சிக் கடைகளும் உணவு விடுதிகளும் தனித்தனியே இருக்கின்றன. மாற்றார் அறுத்ததை ஒருவர் உண்டால் அவர் மதம் மாறிவிட்டார் என்றே ஊர் எண்ணும். வெளியூர் முஸ்லிம் ஆசிரியர் அந்தக் கடையில் இறைச்சி உண்பதை அவருடைய முஸ்லிம் மாணவன் பார்த்தால் என்ன நினைப்பான்? சந்தேகத்துக்குரியதை விட்டு விலகியவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொண்டார் என்ற கருத்தில் அமைந்த நபிமொழி இங்கே நூற்றுக்கு நூறு பொருந்தும்.

பிஸ்மில்லாஹ் சொன்னால் போதும் என்ற மற்றவரின் ஆதாரத்தையும் பார்ப்போம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்து புகாரியில் பதிவான செய்தி அது. சிலர் கொண்டுவரும் இறைச்சியில் அல்லாஹ்வின் பெயர் கூறப்பட்டதா என்று தெரியவில்லையே எனக் கேட்டபோது, நீங்கள் பெயர் சொல்லி உண்ணுங்கள் என நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். கொண்டுவந்தவர்கள் யார்? புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர்கள் என்று அதே ஹதீஸ் சொல்கிறது. முஸ்லிம் அறுத்ததில் வீண் ஐயம் கொள்ளாதே என்பதற்கான ஆதாரம் இது. இதைப் பிடித்துக்கொண்டு உலகத்து இறைச்சியையெல்லாம் ஹலாலாக்கிவிட முடியாது. குடியிருப்பில் சக ஆசிரியர்கள் கோழி வாங்கிச் சமைக்கும்போதும் அறுப்பதை முஸ்லிம் செய்யட்டும். யாருமில்லையென்றால் நம் சகோதரரே கத்தியை எடுக்கட்டும்! அறுக்கத் தெரியாத பேராசிரியர்கள் நம்மில் எத்தனை பேர் என்பதை இங்கே கேட்காமல் விடுகிறோம்.

அப்படியானால் பட்டினியா? இல்லை. அல்லாஹ் அங்கே ஓர் எளிய வழியை வைத்திருக்கிறான். அந்தக் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிக் கிழமைகளிலும், ஈஸ்டருக்கு முந்திய 55 நாட்களிலும் விரதம் காக்கிறார்கள். அப்போது இறைச்சி, பால், முட்டை எதுவும் உண்பதில்லை. அந்த நாட்களில் விடுதிகளில் பருப்புக் குழம்பு, கடலைமாவுக் குழம்பு, கீரை, முட்டைக்கோஸ் ஆகியவற்றை ஒரே பெரிய தட்டில் பரிமாறுவார்கள். 'பையானெத்து' என்று பெயர். சம்பள விருந்தை வெள்ளிக்கிழமை வைத்துக்கொண்டால் சைவ உணவுக்கார நண்பரும் நம் சகோதரரும் ஒரே தட்டில் உண்ணலாம். பாத்திரம் பற்றி ஐயம் வந்தால், வேதக்காரரின் பாத்திரத்தைத் தவிர வேறு கிடைக்காதபோது கழுவிவிட்டு அதில் உண்ணலாம் என்று அபூ ஸஃலபா (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது போதும்.

தட்டில் விரித்திருக்கும் 'இஞ்சரா' நம் தோசையின் அண்ணன். கேழ்வரகைவிடவும் சிறிய 'டெஃப்' என்ற தானியத்தை மாவாக்கிக் கரைத்து, சில நாள் புளிக்கவைத்துச் சுடுகிறார்கள். புளித்த மாவாயிற்றே என்று சிலர் அஞ்சுகிறார்கள். நம் வீட்டு மாவும் புளித்ததுதான். போதை தராத புளிப்பு ஹராமன்று.

ஆனால் 'தேஜ்' என்ற பானத்தில் ஏமாறக் கூடாது. மஞ்சள் நிறத்தில், கழுத்து நீண்ட கண்ணாடிக் குடுவையில் வரும். தேனில் செய்தது என்பார்கள். தேன் என்றதும் மருந்து என்று எண்ணிவிடுகிறோம். அது தேனைப் புளிக்கவைத்து இறக்கும் மது. செங்கடலுக்கு அக்கரையிலுள்ள எமனிலும் இத்தகைய தேன் மது இருந்தது. 'பித்உ' என்று பெயர். அதைப் பற்றியே நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டது. போதை தருவது எதுவும் ஹராம் என்பதே அவர்கள் தந்த பதில். திராட்சையில் செய்யாததற்கு ஹனஃபி நூல்களில் இளக்கம் உண்டென்று வாதிடுவோருக்கும் சொல்கிறோம்: ஃபத்வா இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் கூற்றின்படியே வழங்கப்படுகிறது, அதன்படி எல்லாம் ஹராமே. புளிக்காத தேன்நீருக்கு அங்கே 'பிர்ஸ்' என்று வேறு பெயர். கேட்டு வாங்க வேண்டும்.

மது சுற்றிவரும் மேசையில் அமர்வதையும் நபிமொழி தடுக்கிறது. ஆகவே முஸ்லிம் விடுதிக்கு எல்லோரையும் நாமே முந்தி அழைப்பது சிறந்தது. அங்கே மது இராது, இறைச்சிக் கவலையும் இராது. அழைக்கப்படும்வரை காத்திருந்து பிறகு மறுப்பதால்தான் மனம் புண்படுகிறது. சாப்பாட்டுச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கிடும் வழக்கத்திலும் கவனம் தேவை. பிறர் குடித்ததன் விலையில் நம் காசு சேரக் கூடாது. நம் கணக்கைத் தனியாக எழுதச் சொல்லலாம்.

'குர்ஷா' என்றொரு வழக்கமும் உண்டு. அன்பின் அடையாளமாக ஒரு கவளத்தை உருட்டி அடுத்தவர் வாயில் ஊட்டுவார்கள். மறுப்பது மரியாதைக் குறைவு. ஆண்கள் ஆண்களுக்கு ஊட்டினால் தடையில்லை. அந்நியப் பெண் ஊட்ட வந்தால், சிரித்த முகத்தோடு வலக்கையை நீட்டித் தட்டில் வைக்கச் சொல்லலாம். அந்நாட்டு முஸ்லிம் ஆசிரியர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டால் அவர் விளக்கிவிடுவார்.

அந்நாட்டுக் கிறிஸ்தவர் வீட்டுத் திருமணத்துக்கு அழைப்பு வந்தாலும் தயங்க வேண்டியதில்லை. முஸ்லிம் விருந்தினருக்காக முஸ்லிமைக் கொண்டு தனியே அறுத்துத் தனியே சமைத்து வைக்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. நமக்குரிய பந்தி எந்தப் பக்கம் என்று கேட்டு அங்கே போய் உட்கார வேண்டியதுதான்.