ஒரே கார்டில் ஐந்து பொது ஐபி

இணைய நிறுவனத்திடம் நிலையான பொது ஐபி கேட்டு '/29' வாங்கினால் எட்டு முகவரிகள் வரும், எட்டும் உங்களுக்கல்ல. 203.0.113.8/29 என்று வைத்துக்கொள்வோம். (இது விளக்கம் எழுதுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட தொடர். உங்களுக்குக் கிடைத்த எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.) 8-இல் முடிவது நெட்வொர்க், 15-இல் முடிவது பிராட்காஸ்ட். நடுவில் உள்ள ஆறில் ஒன்று, பெரும்பாலும் 9, நிறுவனத்தின் கேட்வேக்குப் போய்விடும். மிச்சம் ஐந்து. சப்நெட் மாஸ்க் 255.255.255.248.

சர்வரில் கை வைக்கும் முன் நிறுவனத்திடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த முகவரிகள் நேராக உங்கள் கேபிளில் வருகின்றனவா, இல்லை வேறொரு ஐபிக்கு ரூட் செய்து அனுப்பப்படுகின்றனவா? எல்லாமே இந்தப் பதிலைப் பொறுத்தது. நேராக வந்தால், கேட்வே ஒவ்வொரு முகவரிக்கும் "இது யாரிடம் இருக்கிறது?" என்று ஏஆர்பி மூலம் விசாரிக்கும். உங்கள் கார்டு தன்னுடைய ஒரே மேக் முகவரியை ஐந்துக்கும் பதிலாகச் சொல்லும். அப்படிச் சொல்ல வேண்டுமானால் ஐந்தும் அந்தக் கார்டில் பதிவாகியிருக்க வேண்டும். ரூட் செய்து அனுப்பினால் இந்த விசாரணையே கிடையாது. தொகுப்புக்கான பாக்கெட்டுகள் தாமாக உங்களிடம் வந்துவிடும். ஒவ்வொன்றையும் /32 ஆக வைத்துக்கொண்டால் எட்டையும் பயன்படுத்தலாம். தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் இதையே கேட்டு வாங்குங்கள்.

அமேசான் கிளவுடில் கதை வேறு. அங்கே பொது ஐபியைக் கார்டில் தேடிப் பயனில்லை. பிரைவேட் ஐபிதான் தெரியும். பொது ஐபியாக மாற்றும் வேலை வெளியே நடக்கிறது.

நேராக வரும் இணைப்பை உபுண்டு சர்வரில் அமைப்போம். நெட்பிளான் கோப்பைத் திறந்து, கார்டின் பெயருக்குக் கீழே 'அட்ரஸஸ்' பட்டியலில் 203.0.113.10/29 முதல் 203.0.113.14/29 வரை ஒவ்வொன்றையும் தனி வரியில், முன்னால் ஒரு சிறு கோடு போட்டு எழுதுங்கள். இடம் விட ஸ்பேஸ் மட்டுமே. டேப் தட்டினால் கோப்பு ஏறாது. கேட்வேயை 'ரூட்ஸ்' பகுதியில் ஒரே ஒரு முறை எழுதினால் போதும். ஐபிக்கு ஒன்றாக ஐந்து முறை எழுதுபவர்கள் உண்டு, தேவையே இல்லை.

இனி 'நெட்பிளான் ட்ரை' கட்டளை. தூரத்திலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக வேலை செய்பவர்களுக்கு இது உயிர்காக்கும் கட்டளை: 120 விநாடிக்குள் என்டர் தட்டாவிட்டால் பழைய அமைப்பே திரும்பிவிடும்.

சரிபார்க்க 'இஃப்கான்ஃபிக்' வேண்டாம். அது பழைய கருவி. 'ஈத்0:1' என்பது போலத் தனிப் பெயர் சூட்டிய கூடுதல் முகவரிகளைத்தான் காட்டும். நெட்பிளான் அப்படிப் பெயர் சூட்டுவதில்லை. அதனால் முதல் ஐபி மட்டும் தெரியும். மற்ற நான்கும் ஏறவில்லையோ என்று பதற வைக்கும். 'ஐபி அட்ரஸ் ஷோ' கொடுத்தால் ஒரே கார்டின் கீழ் ஐந்து 'ஐநெட்' வரிகள் வரும். முதல் வரி முதன்மை முகவரி, மற்ற நான்கிலும் 'செகண்டரி' என்றிருக்கும்.

அந்தச் சொல்லை அலட்சியம் செய்யாதீர்கள். சர்வர் தானாக வெளியே அனுப்பும் எதுவும் முதன்மை முகவரியிலிருந்தே கிளம்பும். 'ஐபி ரூட் கெட் 8.8.8.8' என்று கேட்டால், எந்த முகவரி என்பதை 'எஸ்ஆர்சி' என்ற இடத்தில் சொல்லிவிடும். மெயில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம்: எஸ்பிஎஃப், பிடிஆர் பதிவுகள் 12-க்கு இருந்து, மெயில் 10-லிருந்து கிளம்பினால் ஸ்பேமில் விழ வாய்ப்பு அதிகம். போஸ்ட்ஃபிக்ஸில் வெளியேறும் முகவரியைத் தனியாகக் குறிப்பிட்டுவிடுங்கள். இன்னொன்று, முதன்மை முகவரியை நீக்கும்போது கெர்னலில் 'ப்ரமோட் செகண்டரீஸ்' மதிப்பு 0 ஆக இருந்தால் மற்ற நான்கும் சேர்ந்தே போய்விடும்.

கடைசியாக, மொபைல் டேட்டாவிலிருந்து ஐந்தையும் பிங் செய்து பாருங்கள். ஒன்று மட்டும் பதில் தராமல், அது முன்பு வேறு கருவியில் இருந்ததாக இருந்தால், கேட்வே பழைய மேக் முகவரியையே நினைவில் வைத்திருக்கக்கூடும். 'ஆர்பிங்' கட்டளையால் புது மேக்கை அறிவித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிறகு 'எஸ்எஸ்' கட்டளையில் எந்தச் சேவை எங்கே காத்திருக்கிறது என்று பாருங்கள். 0.0.0.0 என்றிருந்தால் அது ஐந்து முகவரிகளிலும் திறந்திருக்கிறது. எஸ்எஸ்ஹெச்சையாவது ஒரே முகவரியில் கட்டிவையுங்கள்.