கிரவுன் பினியனுக்கு நைட்ரஜன் குளியல்

நம்பிக்கை: "நைட்ரஜன்ல போட்டு எடுத்தா எந்த இரும்பும் ஆயுசுக்கும் தேயாதுங்க."

நாமக்கல் லாரிப் பட்டறைகளிலும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களிடமும் எளிதில் எடுபடக்கூடிய பேச்சு இது. கோளாறு 'எந்த இரும்பும்' என்பதில் இருக்கிறது.

எஃகைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கும்போது அதன் உள்ளமைப்பு மார்ட்டென்சைட் எனும் கடின வடிவத்துக்கு மாறுகிறது. கரிமம் கூடுதலாக உள்ள எஃகில் இந்த மாற்றம் சாதாரண வெப்பநிலையில் முழுதாக முடிவதில்லை. ஆஸ்டெனைட் எனும் மிருதுவான பகுதி கொஞ்சம் தங்கிவிடும். திரவ நைட்ரஜனால் மைனஸ் 196 டிகிரி வரை இறக்கினால், நின்ற இடத்திலிருந்து மாற்றம் தொடர்கிறது. பிறகு மிதமாகச் சூடேற்றும்போது நுண்ணிய கார்பைடு துகள்கள் பிறந்து தேய்மானத்தைக் குறைக்கின்றன. நைட்ரஜன் குளியல், எண்ணெயில் பாதியில் நின்ற வேலையை முடித்துவைப்பதோடு சரி. அலுமினிய பிஸ்டனுக்குள் முடித்துவைக்க அப்படியொரு வேலையே கிடையாது.

மிருதுவான ஆஸ்டெனைட்டைப் பகையாகவும் பார்க்க வேண்டாம். சேலம் உருக்காலையில் தயாராகும் 304 ரக ஸ்டெயின்லெஸ் எஃகில் அந்த அமைப்பு நிலைக்கத்தான் நிக்கல் சேர்க்கிறார்கள். கடுங்குளிரிலும் நொறுங்காது என்பதால் திரவ நைட்ரஜன் தொட்டிகளையே அந்த ரகத்தில் செய்கிறார்கள்!

நம்பிக்கை: குளிர் கூடக் கூட நல்லது.

இதற்குப் பதில் சென்னையிலேயே இருக்கிறது. கிரவுன் பினியன் பற்சக்கரங்கள் செய்யப் பயன்படும் EN 353 ரக எஃகை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2005இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தேய்மானத்தைத் தாங்குவதில், மைனஸ் 80 டிகிரியில் குளிர்ந்ததை மைனஸ் 196 கண்டது முந்தியது. பின்னர் அதே ரகத்தை, மாறி மாறி வளைக்கும் சுமையில் களைப்புச் சோதனைக்கு உட்படுத்தியபோது கணக்கு தலைகீழானது. மைனஸ் 80 கண்டது கூடுதல் காலம் தாங்கியது. மைனஸ் 196 கண்டதோ குளிரே காணாத எஃகைவிட முன்னதாக முறிந்தது. பாரத்தோடு தொப்பூர்க் கணவாய் ஏறும் லாரியின் பற்சக்கரம் தேய்வது மட்டுமா, களைத்தும் முறியும். எது உங்கள் வண்டியின் நோய் என்று தெரியாமல் மருந்து கேட்கக் கூடாது.

நம்பிக்கை: மாட்டாஸ்பத்திரி கேனில் முக்கினாலே போதும்.

சினை ஊசிக்கான உறைவிந்தைக் காக்கும் அந்தக் கேனில் இருப்பதும் இதே திரவ நைட்ரஜன்தான். ஆனால் உதிரிபாகத்தை அப்படியே அமிழ்த்தினால் மேற்புறம் சட்டெனச் சுருங்கி விரிசல் விடலாம். மணிக்கணக்கில் மெல்ல இறக்கி, பெரும்பாலும் ஒரு நாள்வரை அங்கேயே வைத்து, மெல்ல ஏற்றி, கடைசியில் சூட்டுப் பதமும் கொடுக்க வேண்டும். அந்தக் கடைசிப் பதத்தை விட்டுவிட்டால் பல் உடையக்கூடும்.

தேய்ந்த பல் இதில் வளராது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சிகிச்சை பெற்ற பாகம் பார்வைக்கு மாறாது. கடினத்தன்மைகூட ராக்வெல் அளவில் ஓரிரு புள்ளிகள் மட்டுமே நகரலாம். ஆகவே காசு கொடுக்குமுன் வெப்பநிலைப் பதிவைக் கேளுங்கள். அதற்கும் முன், பாகம் எந்த ரக எஃகு என்று கேளுங்கள். அதைச் சொல்லத் தெரியாதவரிடம் கொடுக்கும் பணத்துக்கு நல்ல கியர் ஆயில் வாங்கி ஊற்றலாம்.